தட்டும் நாடாவும் பிழைத்திருக்குமா?



சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவருக்குக் கந்தபுராணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோயில்களில் நடந்த புராணபடனம் எவ்வாறு ஒலித்தது என்பதை அவர்கள் ஒருமுறையேனும் காதாற் கேட்கவேண்டும் என்று விரும்பினேன். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லும் அந்த மரபைக் கரும்பலகையில் எழுதி விளக்கிவிட முடியாது. ஆதலால் வீட்டிலிருந்த பழைய ஒலிநாடா ஒன்றையும் ரேப் றெக்கோடரையும் வகுப்பறைக்குக் கொண்டு சென்றேன். முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் அந்தக் கசற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சேர், இது யூரியூப்பில இல்லையோ?" என்று கேட்டான்.

"இல்லை. இது ஒன்றுதான் இருக்கு" என்றேன்.

"அப்ப இது பழுதாப் போனால்?"

அவனுக்கு அன்று என்னால் உடனே விடை கூற முடியவில்லை. இணையத்திலிருந்து எந்தப் பாட்டையும் நொடியில் இறக்கிக் கேட்கலாம் என்ற நிலை வந்தபின், கையால் தொட்டு எடுக்கும் இசைத்தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் இறுவட்டுக்கும் இனி வாழ்வு உண்டா? உண்டெனில் எதற்காக? இன்றைய உரை அந்த மாணவனின் கேள்விக்கு நான் தேடிய விடையாகும்.

ஒலி தோன்றிய கணத்திலேயே மறைந்துவிடுவது. பாடகன் பாடி முடித்தால் அவன் பாட்டு கேட்டவரின் நினைவில் மட்டுமே எஞ்சியது. 1877ஆம் ஆண்டில் தோமஸ் அல்வா எடிசன் மெல்லிய ஈயத்தாள் சுற்றிய உருளையொன்றில் தமது குரலைப் பதித்து, அதனைத் திரும்பவும் கேட்டபோதே இந்த நியதி மாறியது. பத்தாண்டுகளின் பின், 1887இல், ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எமில் பேர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கும் கிராமபோனை உருவாக்கினார். ஈற்றில் தட்டே வென்றது. ஒரு மூலத்தட்டிலிருந்து அச்சுப்புத்தகம் போல ஆயிரக்கணக்கான படிகளை எடுக்க முடிந்தது. அவற்றைக் குறைந்த இடத்தில் அடுக்கி வைக்கவும் முடிந்தது. புதிய வடிவம் பழையதை வெல்வது பெரும்பாலும் இனிமையால் அன்று, வசதியால் என்ற பாடத்தை ஒலிப்பதிவின் வரலாறு தொடக்கத்திலேயே நமக்குக் கற்பித்துவிட்டது.

அந்தத் தட்டு எதனாற் செய்யப்பட்டது என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்படையக்கூடும். அதன் முக்கிய மூலப்பொருள் அரக்கு. மரக்கொம்புகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகச் சந்தைக்கு வேண்டிய அரக்கிற் பெரும்பகுதியை இந்தியாவே வழங்கியது. பாரதக் கதையில் பாண்டவரை எரிப்பதற்கென்று கட்டிய மாளிகையும் அரக்காலானதே. எரிந்துபோவதற்குப் பேர்பெற்ற ஒரு பொருளில்தான் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி தன் குரலைப் பாதுகாத்து வைத்தது. அந்தத் தட்டுகள் கைதவறி விழுந்தால் ஓடு போல் உடையும். போரும் அவற்றை விட்டுவைக்கவில்லை. 1942இல் அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அமெரிக்காவில் பழைய தட்டுகளைச் சேகரித்து, பொடியாக்கிப் புதிய தட்டுகள் வார்த்தார்கள். அந்தப் பொடியோடு எத்தனை குரல்கள் போயின என்று கணக்கிடுவார் எவருமில்லை.

நமது பகுதிக்கு ஒலிப்பதிவு வந்தது 1902ஆம் ஆண்டில். கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பேர்க் அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியின் பாடல்களைப் பதிவு செய்தார். அப்பெண்மணி ஒவ்வொரு பாடலின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகரிலேயே அச்சிடப்பட்டன. பாடியவர் யார் என்பதை அங்குள்ளோர் அறிவதற்கு இது உதவியது. 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை தொடங்கப்பட்டது. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மணிக்கணக்கில் விரியும் இராக ஆலாபனை அதற்குள் சுருங்கவேண்டி வந்தது. இசையைச் சுமந்த கலமே இசையின் அளவையும் தீர்மானித்தது எனலாம்.

இந்தத் தட்டு நமக்குச் செய்த உதவிக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நாடக மேடையில் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயது நிறையுமுன்னரே மறைந்தார். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் முதன்முதலிற் சந்தித்தது 1926இல் நம் கொழும்பு நகரில். பேசும்படம் தமிழுக்கு வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவருடைய மேலெழும் குரல் எப்படியிருந்தது என்று இன்று நாம் அறிவது அந்த அரக்குத் தட்டுகளால் மட்டுமே. அவை அனைத்தும் உடைந்திருந்தால் கிட்டப்பா நமக்கு ஒரு பெயராக மட்டுமே எஞ்சியிருப்பார்.

இலங்கையில் வானொலியின் தொடக்கமும் இசைத்தட்டோடு பிணைந்தது. கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றில் எட்வேட் ஹாப்பர் நடத்திய பரிசோதனை ஒலிபரப்பில் முதலில் ஒலித்தது கிராமபோன் இசையே. 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது கடல் கடந்து அவற்றை ஒலிபரப்பியது கொழும்பு நிலையம். அந்தப் புகழுக்கெல்லாம் அடித்தளமாக இருந்தது அறிவிப்பாளர்களின் குரல்வளம் மாத்திரமன்று. தட்டுகளை வாங்கி, இலக்கமிட்டு, தூசு துடைத்து இறாக்கைகளில் அடுக்கி வைத்த நூலகப் பணியாளர்களின் உழைப்புமாகும். இறந்துபோன பாட்டு என்று பிறர் எண்ணியதைக் கேட்டவுடன் எடுத்துத் தந்தவர்கள் அவர்கள்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வைனில் என்னும் பிளாஸ்ரிக்காற் செய்த நீண்டநேரத் தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடிய பழைய தட்டுக்கு மாறாக இது 33⅓ சுற்றே ஓடியது. பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடமிருந்தது. இசை சற்றே மூச்சுவிட்டது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சின்னஞ்சிறிய பேழைக்குள் அடங்கிய ஒலிநாடாவைப் பேர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. தட்டோடு ஒப்பிட்டால் அதன் ஒலி மங்கலானது, இரைச்சல் உண்டு, வெப்பத்தில் நாடா சுருங்கிச் சிக்கிக்கொள்ளும். ஆயினும் தட்டுக்கு இல்லாத ஒரு வல்லமை அதற்கிருந்தது. தட்டைக் கம்பனி செய்து தரவேண்டும். நாடாவில் எவரும் பதியலாம். கோயில் மேளமும், கிராமத்துக் கூத்தும், கிழவியின் ஒப்பாரியும், வெளிநாடு சென்ற பிள்ளைக்குத் தாய் பேசி அனுப்பிய செய்தியும் பதிவாகத் தொடங்கியது கசற் வந்தபின்னரே. எந்தச் சந்தையிலும் விற்பனைக்கு வராத ஒலிகளின் களஞ்சியம் அது.

அதன் அருமையை என் தலைமுறை நேரிற் கண்டது. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ரேப் றெக்கோடரை இயக்கினோம். சுற்றும் வேகம் குறைந்தால் பாடகர் குரல் அடிதொண்டைக்கு இறங்கிவிடும். "டேய், கொஞ்சம் இறுக்கிச் சுத்தடா" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். கை சோர்ந்து போகும்வரை சுற்றிக் கேட்ட பாட்டின் பெறுமதி, கையைச் சுற்றியவனுக்கே தெரியும்.

1982 ஒக்ரோபரில் ஜப்பானில் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் இலக்கமாக்கி, 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டில் எழுதினார்கள். ஊசி உராய்வதில்லை, தேய்மானம் இல்லை. அழிவில்லாத வடிவம் என்றே பலர் நம்பினர். ஆனால் பாட்டு இலக்கமாக மாறிய அன்றே அது வட்டை விட்டுப் புறப்பட வழி பிறந்துவிட்டது. இலக்கத்துக்கு இன்ன வட்டில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜேர்மனியப் பொறியியலாளர் முன்னின்று உருவாக்கிய எம்பி3 முறை 1990களில் பாட்டின் அளவைப் பத்திலொரு பங்களவுக்குச் சுருக்கியது. 1999இல் நாப்ஸ்டர் வந்து, முன்பின் அறியாதவர்களும் இணையவழியே பாட்டைப் பரிமாறச் செய்தது. 2001இல் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2003 ஏப்ரிலில் அப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, பாட்டொன்றை 99 சதத்துக்கு விற்கத் தொடங்கியது. தரவிறக்க யுகம் எனப்பட்டது இதுவே. 2006இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ரவர் றெக்கோட்ஸ் கடைகள் மூடப்பட்டன. தட்டும் நாடாவும் வட்டும் இனி நூதனசாலைக்குரியவை என்ற பேச்சு எங்கும் எழுந்தது.

அந்தப் பேச்சின்படி நடந்ததா என்று பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் 94 கோடிக்கு மேற்பட்ட இறுவட்டுகள் விற்றன. 2020இல் விற்றவை மூன்று கோடியளவே. இறுவட்டின் வீழ்ச்சி உண்மை. ஆனால் அதனை வீழ்த்திய தரவிறக்கமும் நெடுநாள் வாழவில்லை. பாட்டை வாங்கி வைத்திருக்காமல், மாதச் சந்தா கட்டி இணையத்திலிருந்து நேரே கேட்கும் முறை வந்தது. 2008இல் தொடங்கிய ஸ்பொட்டிபை அதில் முன்னோடிகளில் ஒன்று. 2022இல் அமெரிக்க இசைத்துறை வருமானத்திற் தரவிறக்கத்தின் பங்கு நூற்றுக்கு மூன்றளவு. எல்லோரும் இறந்துவிட்டது என்று கைகழுவிய வைனில் தட்டோ அவ்வாண்டில் நான்கு கோடி பத்து இலட்சம் விற்று, 1987க்குப் பின் முதற்றடவையாக எண்ணிக்கையில் இறுவட்டை முந்தியது. அதன் வருமானம் 120 கோடி டொலர். தரவிறக்கத்தின் வருமானம் 50 கோடி டொலருக்கும் குறைவு. தட்டைக் கொல்ல வந்தது தட்டுக்கு முன்னரே தளர்ந்துவிட்டது.

இதைக் கேட்டுப் பழைய வடிவங்களின் அன்பர்கள் உடனே மகிழ்ந்துவிடலாகாது. அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, வைனில் வாங்குவோரிற் பாதிப்பேரிடமே அதனை இயக்கும் கருவி உண்டு எனக் கூறியது. மற்றவர்களுக்கு அது சுவரில் வைக்கும் படம், அபிமானப் பாடகரின் நினைவுப்பொருள். மேலும், 2020 பெப்ரவரியில் கலிபோர்ணியாவில் ஓர் ஆலை எரிந்தபோது, மூலப்பதிவை வெட்டுவதற்கான பூச்சுத் தட்டைச் செய்யும் ஆலை ஜப்பானில் ஒன்றே மிஞ்சியது. இத்தனை மெல்லிய நூலிற் தொங்கும் வாழ்வு அது. நமது நாட்டிலோ இந்த மறுமலர்ச்சியின் அலை பெரிதாக அடிக்கவில்லை. வசதி என்னும் தராசில் நிறுத்தால் தட்டும் நாடாவும் என்றோ தோற்றுவிட்டன. இதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆயினும் வசதி ஒன்றே அளவுகோல் அன்று. நாம் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு நமது உடைமையன்று, அது இரவல். உரிமையாளரின் ஒப்பந்தம் முடிந்தால் பட்டியலிலிருந்து அது மறைந்துவிடும். தரவேற்றி வைத்தால் அழியாது என்ற நம்பிக்கையும் பொய்த்ததுண்டு. மைஸ்பேஸ் என்னும் தளம் 2015 வரை இளங்கலைஞர்கள் தரவேற்றிய பாடல்களை இழந்துவிட்டதாக 2019இல் அறிவித்தது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் போயின என்று செய்திகள் கூறின. அவற்றிற் பலவற்றுக்கு வேறு படி இல்லை.

மறுபுறம், பொருளாக வைத்திருந்தால் மட்டும் பாதுகாப்பு என்பதுமில்லை. 2008 ஜூன் முதலாந் திகதி ஹொலிவூட்டின் யூனிவேர்சல் வளாகத்தில் ஏற்பட்ட தீயில் பல கலைஞர்களின் மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. எவ்வளவு எரிந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தீயைப்பற்றி நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். கடையில் மீண்டும் வாங்கக்கூடிய நூல்களை மீண்டும் வாங்கினோம். படியில்லாத ஏடுகளை எங்கே போய் வாங்குவது?

தமிழாசிரியன் ஒருவனுக்கு இவ்விடத்திற் சி. வை. தாமோதரம்பிள்ளை நினைவுக்கு வருவது இயல்பே. சிறுப்பிட்டியிற் பிறந்த அப்பெரியார், ஏடுகளைத் தேடி அலைந்து 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். தொட்டால் உதிரும் ஓலைகளோடு தாம் பட்ட பாட்டைப் பதிப்புரையில் அவர் எழுதியிருக்கிறார். பனையோலையின் ஆயுள் சில நூறு ஆண்டுகளே. சங்கப் பாட்டோ இரண்டாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறது. ஓலை பாட்டைக் காப்பாற்றவில்லை. ஓலை உதிருமுன் அடுத்த ஓலையில் எழுதியவனே காப்பாற்றினான். அவன் சோர்ந்த இடத்திலேதான் நூல்கள் இறந்தன. அதேவேளை, படி எடுக்கும்வரை பழைய ஓலையை எறியாமல் வைத்திருந்த வீட்டாரும் அந்தக் காப்பில் பங்காளிகளே.

இனி நான் வகுப்புக்குக் கொண்டு சென்ற ஒலிநாடாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் இருப்பது என் அப்பப்பாவின் குரல். அவர் எங்கள் ஊர்க் கோயிலிற் கந்தபுராணத்துக்குப் பயன் சொல்பவர். 1986இல் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது அதனைப் பதிந்தார். 1991இல் அப்பப்பா காலமானார். அதன்பின் ஒவ்வொரு திவசத்தன்றும் நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி அவர் குரலைக் கேட்போம். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, ஊரே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, காணி உறுதிகளோடு பால்மா ரின்னொன்றுக்குள் அம்மா அந்தக் கசற்றையும் வைத்துக் கொண்டுவந்தார்.

2012இல் சித்தப்பாவின் மகன் அதனைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, உறவினர் எல்லோருக்கும் அனுப்பினான். கனடாவிலும் இலண்டனிலும் கேட்டார்கள், அழுதார்கள், இனி அழியாது என்று எல்லோரும் ஆறுதலடைந்தோம். அதன்பின் எவரும் அதைப்பற்றி எண்ணவில்லை. இந்தப் பாடத்துக்காகச் சென்ற ஆண்டு நான் தேடியபோது அந்தக் கணினி எப்போதோ பழுதாகிவிட்டிருந்தது. கைத்தொலைபேசிகளை எல்லோரும் பலமுறை மாற்றிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கேட்டோம். ஒவ்வொருவரும் மற்றவரிடம் இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். ஒருவரிடமும் இல்லை. பால்மா ரின்னுக்குள் கசற் மட்டும் இருந்தது.

அதன் உள்ளே நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு உதிர்ந்து போயிருந்தது. ரேடியோ திருத்தும் பெரியவர் ஒருவர் நாடாவைக் கழற்றி வேறொரு கூட்டுக்குள் மாற்றித் தந்தார். சில இடங்களில் குரல் விழுங்கப்படுகிறது, ஆயினும் கேட்கிறது. கணினிப் படியில் இல்லாத ஒன்றும் அதில் இருந்தது. இரைச்சலோடு இரைச்சலாக என் தம்பி வெட்டி எறிந்த பகுதி அது. பயன் சொல்லத் தொடங்குமுன் அப்பப்பா தன் மகனைப் பார்த்து, "தம்பி, உது சுத்துதோ?" என்று கேட்கிறார். பின்னாற் கோயில் மணியும் காகமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்கின்றன. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் நான்.

ஆகவே என் மாணவனுக்கு நான் சொல்லும் விடை இதுதான். தட்டும் நாடாவும் வட்டும் சந்தைப் பொருள்களாக முன்போல் வாழமாட்டா. சான்றுப் பொருள்களாக அவை வாழலாம், வாழவும் வேண்டும். படியில் ஐயம் எழும்போது திரும்பிப் பார்ப்பதற்கு மூலம் வேண்டும். ஆனால் மூலம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதுவும் ஒருநாள் போய்விடும். மூலத்தையும் பேணவேண்டும், படியையும் பெருக்கவேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்து மற்றதைக் கைவிட்டவர்களே இழந்திருக்கிறார்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலோ பரணிலோ இப்படியொரு நாடா கிடக்கக்கூடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் அதனை எடுத்து வையுங்கள். தட்டுகள் இருந்தால் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று மேலுறையில் எழுதுங்கள். பெயரில்லாத குரலை அடுத்த தலைமுறை குப்பையென்றே கருதும். இயக்கும் கருவியும், திருத்தத் தெரிந்த கைகளும் நம்மிடையே இருக்கும்போதே படி எடுங்கள். எடுத்த படியை இரண்டு மூன்று இடங்களில் வைத்து, ஆண்டுக்கொருமுறை அது இருக்கிறதா என்று பாருங்கள். இரைச்சல் என்று எதையும் வெட்டிவிடாதீர்கள்.

என் வகுப்பு மாணவர்கள் இப்போது அப்பப்பாவின் குரலை மூன்று படிகளாக எடுத்து வைத்திருக்கிறார்கள். கசற்றைக் கேட்ட மாணவனே மேலுறையில் ஊரையும் ஆண்டையும் எழுதித் தந்தான். நாடா இன்னும் அதே பால்மா ரின்னுக்குள்ளேதான் இருக்கிறது.